வாசல் கண்டபின் வாடகை

நுழையும்முன்

வேற்றூரில் வீடு தேடுவோர்க்கு இணையம் இன்று வழிகாட்டியாக விளங்குகிறது. அவ்வழிகாட்டியின் வேடத்திலேயே வஞ்சகரும் உலவுகின்றனர். ஏமாற்றும் முறையை அறிந்தோர் எளிதில் ஏமாறார். அதனை விளக்குகிறது இப்பாடம்.

திண்ணையும் திரையும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், கோவில் மதில்களுக்குள்ளேயே மக்கள் வாழும் தெருக்கள் உள்ளன. சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ வாடகைக்கு வீடு வேண்டியோர் முன்பெல்லாம் தெருத்தெருவாக நடந்தனர். வாசலில் தொங்கிய அறிவிப்பைக் கண்டனர். அண்டை வீட்டாரை வினவினர். வீடு உண்டு என்பதற்கு வீடே சான்று. உரிமையாளர் இன்னார் என்பதற்குத் தெருவே சான்று. திரையில் தோன்றும் விளம்பரத்தில் இவ்விரண்டும் இல்லை. படம் மட்டுமே உண்டு.

ஏமாற்றின் இயல்பு

தூத்துக்குடியிலிருந்து பணிமாறுதலில் திருச்சிராப்பள்ளிக்கு வரவிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறது. இணையத்தில், இராஜகோபுரம் தெரியும் மாடிவீடு ஒன்று பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. தொலைபேசியில் பேசுபவர், தாம் எல்லையில் பணிபுரியும் இராணுவ அதிகாரி என்கிறார். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புகிறார். “இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள், இன்றே முன்பணம் அனுப்பினால் உங்களுக்கு ஒதுக்குகிறேன்” என்கிறார். பணம் சென்றதும் தொலைபேசி அணைந்துவிடுகிறது. நேரில் சென்றால், அவ்வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். படமோ வேறொரு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

குறைந்த வாடகை ஆசையைத் தூண்டுகிறது. சீருடை நம்பிக்கையை ஊட்டுகிறது. அவசரம் சிந்தனையைத் தடுக்கிறது. இம்மூன்றும் ஒருங்கே வந்தால் விலகி நிற்றலே அறிவுடைமை.

உரிமையாளரும் இவ்வலையில் விழுவதுண்டு. குடிவருபவர்போல் பேசுபவர், “முன்பணம் அனுப்புகிறேன், இக்குறியீட்டை வருடிக் கடவு எண்ணை இடுங்கள்” என்பார். பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையில்லை. அதனை இட்டால் பணம் வெளியேறும்.

காக்கும் வழிகள்

வீட்டை நேரில் காணும்வரை ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. தாம் செல்ல இயலாவிடில், அவ்வூரிலுள்ள உறவினரையோ நண்பரையோ அனுப்பலாம். சொத்துவரி இரசீதிலுள்ள பெயரும் உரிமையாளரின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரே உரிமையாளராக நடித்து வீட்டைப் பிறருக்குப் போக்கியத்திற்கு விடுவதுமுண்டு. ஆதலால், பெருந்தொகை கொடுக்குமுன் பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்த்தல் நன்று.

உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யப்பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்டல் கூடாது. எழுத்துக்கு அஞ்சுபவரிடம் பணம் கொடுக்க நாம் அஞ்ச வேண்டும்.

இழந்தபின் செய்வது

பணத்தை இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். தம் வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். விரைந்து கூறினால், வஞ்சகர் எடுத்துச் செல்லுமுன் தொகையை முடக்க வாய்ப்புண்டு. கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கிறது.

பலர் நாணத்தால் இழப்பை வெளியிற் சொல்வதில்லை. ஏமாந்தது குற்றமன்று, ஆனால், அதனை மறைத்தால் அதே விளம்பரம் நாளை மற்றொரு குடும்பத்தின் சேமிப்பைப் பறிக்கும். நாம் சொல்லும் சொல்லே அவர்களுக்குக் காவல்.

கற்பவை கற்றபின்

1. இணையத்தில் வாடகை வீடு தேடும் உறவினருக்கு, அவர் கவனிக்க வேண்டியவற்றை விளக்கிக் கடிதம் எழுதுக.

2. உங்கள் தெருவில் வீடு வாடகைக்கு விடப்படும் முறையைப் பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.