இரண்டாயிரம் சிசி என்றால் என்ன?

பட்டறையில் வேலை செய்யும் அப்பா, "ரெண்டாயிரம் சிசின்னா என்னப்பா கணக்கு?" என்று கேட்டார். உருளையைத் தமிழ்ப்பள்ளியில் வரைந்த எனக்கு, அதன் கொள்ளளவு வாய்பாடு மலாயில்தான் வாய்க்கு வந்தது. தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒருகாலத்தில் அமைச்சர்கள் பயணித்த புரோட்டோன் பெர்டானா வி6-ஐ எடுத்துக்கொள்வோம். மிட்சுபிஷி என்ஜின். உருளையின் விட்டம் 78.4 மில்லிமீட்டர்; பிஸ்டன் நகரும் தொலைவு 69 மில்லிமீட்டர். ஆரத்தின் வர்க்கத்தைப் பையாலும் இத்தொலைவாலும் பெருக்கினால் ஏறக்குறைய 333 கன சென்டிமீட்டர். ஆறு உருளைக்கும் 1,998. சிசி என்பது இந்த இடத்தின் அளவே; குதிரைசக்தி அன்று.

நான்கு உருளை போதாதா? வணரித்தண்டு இருமுறை, அதாவது 720 பாகை சுற்றுவதற்குள் ஒவ்வோர் உருளையும் ஒருமுறை எரியூட்டப்படும். நான்கென்றால் 180 பாகைக்கு ஒன்று, ஆறென்றால் 120. இடைவெளி குறைய, ஓட்டம் சீராகிறது.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "வணரித்தண்டா? கிராங் ஷாப்ட்டைச் சொல்றியா?" என்றார்.