தோட்டத்தில் ஓடிய சிறு புகையிரதம்: அளவிடை பற்றிய ஒரு பாடம்

பாட நோக்கம்: ஒரு பொருளை ஒரே விகிதத்தில் சிறிதாக்கும்போது அதன் நீளம், பரப்பளவு, கனவளவு என்பன எவ்வாறு மாறுகின்றன என்பதையும், மாறாதவை எவை என்பதையும் விளங்கிக்கொள்ளல்.

அறிமுகம்

காட்டூன் திரைப்படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த தமது வீட்டுத் தோட்டத்தில் 1950ஆம் ஆண்டு கொதிநீராவியால் இயங்கும் சிறு புகையிரதம் ஒன்றை ஓடவிட்டார். எஞ்சினுக்குத் தம் மனைவி லில்லியனின் நினைவாக 'லில்லி பெல்' எனப் பெயரிட்டார். பாதையின் நீளம் ஏறத்தாழ 800 மீற்றர். மனைவியின் பூப்பாத்திக்குக் கீழே ஏறத்தாழ 27 மீற்றர் நீளமான சுரங்கப் பாதை சென்றது. பாதையுரிமை தொடர்பாக மனைவியுடனும் பிள்ளைகளுடனும் எழுத்துமூல ஒப்பந்தமும் செய்துகொண்டார்.

1. விகிதத்தின்படி மாறுபவை

இப்புகையிரதத்தின் அளவிடை 1:8 ஆகும். எனவே,
• ஒவ்வொரு நீளமும் உண்மை நீளத்தின் 1/8
• ஒவ்வொரு பரப்பளவும் 1/8 × 1/8 = 1/64
• ஒவ்வொரு கனவளவும் 1/8 × 1/8 × 1/8 = 1/512

ஒரே பதார்த்தத்தால் செய்யப்பட்டால் அடர்த்தி மாறாது. ஆகவே திணிவும் 1/512 ஆகும்.

உதாரணம்: 40,960 கிலோகிராம் திணிவுள்ள எஞ்சின் ஒன்றின் 1:8 மாதிரியுருவின் திணிவு யாது?
40,960 ÷ 512 = 80 கிலோகிராம்.

கவனிக்க: திணிவையும் 8 ஆல் வகுப்பது மாணவர் பலர் விடும் பிழையாகும்.

2. விகிதத்தின்படி மாறாதவை

(அ) வெப்பநிலை: கொதிகலன் சிறிதானாலும் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் நீர் 100 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். அமுக்கம் கூடிய கொதிகலனுள் வெப்பநிலை இதனிலும் கூடும். கொதிநீராவி தோலில் பட்டு ஒடுங்கும்போது மறைவெப்பத்தையும் வெளிவிடும். ஆகையால் அதே வெப்பநிலையிலுள்ள சுடுநீரைவிட அது கடுமையாகச் சுடும்.

(ஆ) பயணிகள்: மனிதர் 1/8 ஆகச் சிறிதாவதில்லை. அவர்கள் பெட்டிகளின் மேல் அமர்வதால் வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்கிறது. தண்டவாளங்களுக்கிடையிலான தூரமோ ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் மட்டுமே. இதனால் வண்டியின் உறுதிநிலை குறைகிறது.

(இ) வளைவுகள்: தோட்டத்துப் பாதையின் வளைவுகளின் ஆரை சிறியது. வேகம் ஒன்றாயினும், ஆரை குறையுமாயின் கவிழும் போக்கு கூடும்.

3. நிகழ்ந்தது என்ன?

1953ஆம் ஆண்டு, வளைவொன்றில் வேகமாகச் சென்ற எஞ்சின் கவிழ்ந்தது. வெளியேறிய கொதிநீராவியால் 5 வயதுச் சிறுமி ஒருத்தி சுடுகாயமடைந்தாள். அதன்பின் டிஸ்னி அப்பாதையை மூடிவிட்டார். அவரது புகையிரத ஆர்வம் மறையவில்லை. 1955 யூலை 17இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட் பூங்காவைச் சுற்றிப் பெரிய நீராவிப் புகையிரதம் ஓடியது. அங்கே தண்டவாளங்களுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 91 சென்ரிமீற்றராகும்.

சுருக்கம்

அளவிடை நீளத்தையும் பரப்பளவையும் கனவளவையும் குறைக்கும்; ஆபத்தை அதே விகிதத்தில் குறைக்காது. விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளாயினும், அதனுள் உள்ள வெப்பமும் அமுக்கமும் உண்மையானவையே.

பயிற்சி

1. 27 மீற்றர் நீளமான மாதிரியுருச் சுரங்கம் 1:8 அளவிடையில் எவ்வளவு நீளமான உண்மைச் சுரங்கத்தைக் குறிக்கும்?
2. உண்மை எஞ்சினின் தகடொன்றின் பரப்பளவு 6,400 சதுர சென்ரிமீற்றர். 1:8 மாதிரியுருவில் அத்தகட்டின் பரப்பளவு யாது?
3. 100 பாகை செல்சியசிலுள்ள கொதிநீராவி, அதே வெப்பநிலையிலுள்ள நீரைவிடக் கடுமையாகச் சுடுவது ஏன்?

விடைகள்

1. 27 × 8 = 216 மீற்றர்.
2. 6,400 ÷ 64 = 100 சதுர சென்ரிமீற்றர்.
3. ஒடுங்கும்போது மறைவெப்பத்தையும் வெளிவிடுவதால்.