மீனம்பாக்கம் கடலுக்குள்ள போன கதை: ஃப்ளைட்கியரில் நிலப்பரப்பு ஏத்துவது எப்படி?

போன செமஸ்டர் லீவுல என் லேப்டாப்பில் ஃப்ளைட்கியர் போட்டேன். 1997-ல இருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துட்டு வர்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் ஃப்ளைட் சிமுலேட்டர் அது. செஸ்னா 172 எடுத்தேன், ஏர்போர்ட்டுக்கு சென்னையோட குறியீடு விஓஎம்எம் கொடுத்தேன், ஃப்ளை பட்டனை அழுத்தினேன்.

ஸ்கிரீன் முழுக்க நீலம். ரன்வே இல்ல, டெர்மினல் இல்ல, பரங்கிமலையும் இல்ல. விமானம் மட்டும் தண்ணி மேல அமைதியா உட்கார்ந்திருக்கு. மீனம்பாக்கமே கடலுக்குள்ள போயிடுச்சு!

நீங்களும் முதல் தடவை போடும்போது இதைப் பார்க்க வாய்ப்பு இருக்கு. சாஃப்ட்வேர்ல எந்தக் கோளாறும் இல்ல. டவுன்லோடு ஆகுற அடிப்படை பேக்கேஜ்ல உலகத்தோட ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும்தான் நிலப்பரப்பு இருக்கும். மத்த இடத்துக்கு ஃபைல் இல்லைன்னா, சிமுலேட்டர் அங்க கடலைப் போட்டு நிரப்பிடும். அந்தக் கடலை எப்படி நிலமா மாத்துறதுன்னு பார்க்கலாம் வாங்க.

முதல் வழி: டெர்ராசிங்க்

நல்ல நெட் இருந்தா வேலை ரொம்ப சுலபம். லாஞ்சர்ல செட்டிங்ஸ் பக்கம் போய், சீனரியைத் தானா டவுன்லோடு பண்ணும் ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. நீங்க எங்க பறக்கிறீங்களோ அந்த இடத்து ஃபைல்கள் பறக்கப் பறக்க இறங்கும். ஒரு தடவை இறங்கினது டிஸ்க்லயே இருக்கும்.

எனக்கு இருந்தது மொபைல் ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்கான டேட்டாவை வச்சு எங்க பறக்க? அதனால டெர்ராசிங்கை ஆஃப் பண்ணிட்டு, ஏற்கெனவே டவுன்லோடு பண்ணி வச்சிருந்த நண்பன்கிட்ட பென்டிரைவ் கொடுத்தேன். ஓப்பன் சோர்ஸ் சீனரிங்கறதால இப்படிக் காப்பி பண்ணிப் பகிர்றதுல தப்பில்ல. ஆனா எதைக் காப்பி பண்ணணும்னு சொன்னதுல நான் தப்பு பண்ணிட்டேன்.

13-ஆவது கோடு

ஃப்ளைட்கியர் பூமியை 10 டிகிரிக்கு 10 டிகிரி பெரிய கட்டங்களாவும், அதுக்குள்ள 1 டிகிரிக்கு 1 டிகிரி சின்னக் கட்டங்களாவும் பிரிக்குது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஃபோல்டர். கட்டத்தோட தென்மேற்கு மூலை எதுவோ அதுதான் ஃபோல்டர் பேரு. சென்னை இருக்கிற பெரிய ஃபோல்டர் 'இ080என்10', அதாவது கிழக்கு 80, வடக்கு 10. அதுக்குள்ள 'இ080என்12', 'இ080என்13'னு சின்ன ஃபோல்டர்கள் இருக்கும்.

"சென்னை 13 டிகிரி வடக்கு"ன்னு ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. "டேய், 13 மட்டும் போதும்டா"ன்னு சொல்லி அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா, தி.நகர் இருக்கு, மயிலாப்பூர் இருக்கு, பரங்கிமலைகூட இருக்கு. விமானம் மட்டும் இன்னும் தண்ணியிலதான்!

காரணம் இதுதான். 13-ஆவது அட்சரேகை தென்சென்னை நடுவுல ஓடுது. தி.நகர், மயிலாப்பூர், கோட்டூர்புரம் எல்லாம் அதுக்கு வடக்கே. வேளச்சேரி, திருவான்மியூர், பல்லாவரம் தெற்கே. விமான நிலையத்தோட மையப்புள்ளி சுமார் 12.99. பரங்கிமலை உச்சி சுமார் 13.01. மலையும் ரன்வேயும் பக்கத்துப் பக்கத்துல இருந்தும் வேற வேற ஃபோல்டர்! சென்னை வேணும்னா 12, 13 ரெண்டுமே வேணும். நம்ம ஊரைத் தவிர வேற எங்கேயாவது பறக்கணும்னாலும், முதல்ல அட்சரேகை, தீர்க்கரேகையை தசமத்துல பாருங்க. முழு எண்ணுக்குப் பக்கத்துல வந்தா, அடுத்த கட்டத்தையும் சேர்த்து எடுங்க.

கையால ஏத்துற முறை

1. உங்க டிஸ்க்ல புதுசா ஒரு ஃபோல்டர் உருவாக்குங்க. 'சென்னை சீனரி'ன்னு வச்சுக்கலாம். நிஜப் பேரை ஸ்பேஸ் இல்லாம ஆங்கில எழுத்துல வைக்கிறது நல்லது.

2. அதுக்குள்ள டெரைன், ஆப்ஜெக்ட்ஸ்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கணும். டெரைன்ல தரை, ஆப்ஜெக்ட்ஸ்ல தரை மேல நிக்கிற பொருள்கள்.

3. 'இ080என்10' ஃபோல்டரை அப்படியே டெரைனுக்குள்ள வைங்க. ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர் வந்துடும். பாதிப் பேர் மாட்டுற இடம் இதுதான், திறந்து பார்த்து சரிபண்ணுங்க.

4. லாஞ்சர்ல ஆட்-ஆன்ஸ் பக்கத்துல கூடுதல் சீனரி ஃபோல்டர் சேர்க்கும் இடம் இருக்கு. அங்க 'சென்னை சீனரி'யைக் காட்டுங்க. உள்ள இருக்கிற டெரைனைக் காட்டினா வேலை செய்யாது.

5. ஒண்ணுக்கு மேல சீனரி வச்சிருந்தா வரிசை முக்கியம். பட்டியல்ல மேல இருக்கிறதுக்குத்தான் முதல் உரிமை. புதுசா போட்டது தெரியலைன்னா அதை மேல நகர்த்திப் பாருங்க.

சரியா வந்திருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது? விமானப் பட்டியல்ல யுஎஃப்ஓன்னு ஒண்ணு இருக்கும், எங்க வேணாலும் நகர்த்தி நிறுத்தலாம். டிபக் மெனுவுல இன்டர்னல் பிராப்பர்டீஸைத் திறந்து, பொசிஷனுக்குள்ள தரை உயரம் அடியில என்ன காட்டுதுன்னு பாருங்க. ரன்வேல 50 அடிக்குப் பக்கத்துல வரணும். பரங்கிமலை நிஜத்துல சுமார் 300 அடி. சிமுலேட்டர்ல உச்சி மழுங்கி கொஞ்சம் குறைவா காட்டினா பயப்படாதீங்க.

அந்த உயரம் எங்கிருந்து வந்துச்சு?

உச்சி ஏன் மழுங்குது? 2000 பிப்ரவரியில எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுத்தி, ரேடார் வச்சு நிலத்தோட உயரத்தை அளந்தது. அதுதான் எஸ்ஆர்டிஎம். பல சிமுலேட்டர்களோட நிலப்பரப்புக்கு அடிப்படை இந்த டேட்டாதான். 90 மீட்டர் வடிவத்துல ஒரு டிகிரிக் கட்டத்துக்கு 1201-க்கு 1201, அதாவது 14 லட்சத்துக்கு மேல புள்ளிகள். கேட்க நிறையத்தான். ஆனா ரெண்டு புள்ளிக்கு நடுவுல 90 மீட்டர் இடைவெளி. சின்ன மலையோட கூர்மை அந்த இடைவெளியில தொலைஞ்சுடும். கபாலீஸ்வரர் கோயில் கோபுரம் சுமார் 120 அடி உயரம், ஆனாலும் டெரைன்ல தேடாதீங்க. அது தனி மாடலா ஆப்ஜெக்ட்ஸ்ல வந்தாதான் தெரியும்.

இன்னொரு விஷயம். இதே பரங்கிமலைப் பக்கத்துலதான் 1802-ல வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வே அதுல இருந்துதான் வளர்ந்தது. நம்ம சிமுலேட்டரும் தரையை முக்கோணங்களாத்தான் வரையுது. 07 ரன்வேல டேக்-ஆஃப் பண்ணி இடது பக்கம் அந்த மலையைப் பார்க்கும்போது எனக்கு லாம்டன் ஞாபகம் வரும்.

நம்புறதுக்கு ஒரு எல்லை

இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இந்தக் கடைசிப் பகுதிதான்.

எங்க வீடு கோட்டூர்புரத்துல, அடையாறு ஆத்துக்குப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ நான் ஆறாவது படிச்சேன். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. மாடியில இருந்து ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சு, தண்ணி எத்தனை படி ஏறியிருக்குன்னு அப்பா எண்ணிட்டே இருந்தார். அதே வெள்ளத்துல விமான நிலையத்தையும் சில நாள் மூடினாங்க.

சீனரி வேலையில உயர டேட்டா பழகினதும், அதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆக்கலாம்னு எங்க டீமுக்குத் தோணுச்சு. தண்ணி 1 மீட்டர் ஏறினா எந்தத் தெரு முழுகும், 2 மீட்டர் ஏறினா எதுன்னு கலர் போட்டு ஒரு மேப். ரெண்டு நாள்ல ரெடி. பார்க்க அழகா இருந்துச்சு. எங்க தெரு பச்சை கலர்ல, பாதுகாப்பான இடமா வந்துச்சு.

அம்மாகிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "அப்போ அந்த ஃப்ரிட்ஜ் எப்படிடா மிதந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

அடுத்த நாள் எங்க கைடு மேமும் அதையே வேற மாதிரி கேட்டாங்க: "இது தரையோட உயரமா, தரைக்கு மேல இருக்கிறதோட உயரமா?" போய்ப் படிச்சோம். ரேடார் நகரத்துல மொட்டை மாடியையும் மரத்தையும் சேர்த்துத்தான் அளக்குது. ஃபைல்ல உயரம் முழு மீட்டரா மட்டும்தான் இருக்கு, தசமம் கிடையாது. அந்தத் திட்டத்துக்கு வச்ச துல்லிய இலக்கே 16 மீட்டருக்குள்ள பிழை இருக்கணும்கிறதுதான். பல இடத்துல நிஜப் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனா எங்க தெருவுல ஒரு மீட்டர்ங்கறது வீட்டுக்குள்ள தண்ணி வருமா வராதாங்கற வித்தியாசம். எங்க மேப்ல பச்சையா தெரிஞ்சது தெரு இல்ல, தெருவுல இருந்த மாடிகளும் தூங்குமூஞ்சி மரங்களும்தான்.

அந்த மேப்பை அழிச்சுட்டோம். யாராவது ஃபார்வர்ட் பண்ணி, யாராவது நம்பி, மழை அன்னைக்கு வீட்டுலயே இருந்துட்டா? இப்போ ப்ராஜெக்ட் தலைப்பு வேற: அந்த டேட்டாவுல கட்டட உயரத்தை எவ்வளவு தூரம் கழிக்க முடியும்னு பார்க்கிறோம்.

அதனால மக்களே, தாராளமா ஏத்துங்க, பறங்க. மேல இருந்து பார்க்கும்போது நம்ம ஊர் ரொம்ப அழகு. 90 மீட்டர் கட்டம் விமானம் ஓட்டத் தாராளமா போதும். வேற எதுக்காவது அதை எடுக்கிறதுக்கு முன்னாடி மட்டும், அந்த நம்பர் எதை அளந்து வந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. முடிஞ்சா உங்க அம்மாகிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.