மலையிறங்கும் கார்

கோடை விடுமுறையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி வழியாகக் கொடைக்கானலுக்குக் காரில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். மீன் பிடிக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் உரிய அனுமதி வாங்கியாயிற்று. தூண்டில், அடுப்பு, அரிசி எல்லாம் ஏற்றியாயிற்று. ஆனால் திரும்பி இறங்குவதைப் பற்றி யோசித்தீர்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து காரின் நிறை 1,500 கிலோகிராம் என்க. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பழநி அதற்குச் சுமார் 1,800 மீட்டர் கீழே. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் (1,500 × 9.8 × 1,800) ஏறக்குறைய 2 கோடியே 65 லட்சம் ஜூல் வருகிறது. இதுவே கார் மலைமேல் பெற்றுள்ள நிலையாற்றல். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 90 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடேற்ற இது போதும்!

ஆற்றல் அழிவதில்லை அல்லவா? கார் சீரான வேகத்தில் இறங்க, இவ்வளவும் வெப்பமாக மாறியாக வேண்டும். காற்றும் சாலையும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது கடுமையாகச் சூடேறும், உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், நாம் மிதிக்கும் மிதி குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகும். கார் நிற்காது.

ஆகவே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். அப்போது சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. ஆற்றலில் பெரும்பங்கு அங்கே செலவாகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை நிறுத்தி இறங்குவோர் இந்த உதவியை இழக்கிறார்கள்.

பயிற்சி: சுமையில் 100 கிலோகிராம் குறைத்தால், மேற்சொன்ன 90 லிட்டரில் எத்தனை லிட்டர் குறையும்?

(விடை: 6 லிட்டர்)