பிணியுற்றாரும் பேணுவோரும்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, நடமாட்டம் இழந்து படுக்கையில் கிடப்போரைப் பற்றி நம் தம்மம் யாது கூறுகின்றது என வினவினார். நேரம் போதாமையால் அன்று இரண்டொரு வார்த்தைகளோடு முடித்துக்கொண்டோம். வீடு திரும்பிய பின்னரே, அவ்வினா நூலறிவை நாடி எழுந்ததன்று, நம்மைச் சுட்டி எழுந்தது என்பது எமக்கு உறைத்தது. நம் மன்றத்தின் முதல் வரிசையில் அமர்ந்து திரிசரணத்தை உரத்த குரலில் ஓதிவந்த உபாசகர் ஒருவர், ஆறாண்டுகளுக்கு முன் கட்டடச் சாரத்தினின்று விழுந்து, இடுப்பின் கீழ் உணர்விழந்தார். அதன் பின் எட்டுத் திங்கள் வரை நம்மில் ஒருவரும் அவர் வாயிற்படியை மிதிக்கவில்லை. யாமும் மிதிக்கவில்லை. அக்குறையை மனத்திற் கொண்டே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பகவன் புத்தர் ஆனந்தரோடு பிக்குகளின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வருகையில், வயிற்றுக்கடுப்பு நோயால் தன் மலசலத்திலேயே புரண்டு கிடந்த ஒரு பிக்குவைக் கண்டார். உம்மைப் பேணுவார் எவரும் இலரோ என்று பகவன் வினவ, ஒருவரும் இலர் என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, தம்மால் மற்றப் பிக்குகளுக்கு யாதொரு பயனும் இல்லை. ஆகலின் அவர்கள் தம்மைப் பேணுவதில்லை என்று விடை கூறினார்.

இவ்விடையை மெல்ல இருமுறை படித்துப் பாருங்கள். அப்பிக்கு எவர்மீதும் குறை கூறவில்லை. தமக்கு நேர்ந்ததை நியாயம் என்றே ஏற்றுக்கொண்டுவிட்டார். உழைக்கும் மக்களாகிய நமக்கு இது புதிதன்று. கை கால் ஓடும்வரை ஆள், ஓய்ந்தால் சுமை என்னும் கணக்கை ஆலை வாயிலில் கற்று, அதை வீட்டிற்கும் கொண்டுவந்தவர்கள் நாம்.

பகவன் என்ன செய்தார்? நீயும் பயனுடையவனே என்று அவரைத் தேற்ற முற்படவில்லை. ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்தார். பகவன் நீரை வார்க்க, ஆனந்தர் கழுவினார். பகவன் தலைப்புறத்தையும் ஆனந்தர் காற்புறத்தையும் பற்றித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பிறகே பிக்குகளைக் கூட்டினார். உங்களைப் பேணத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஒருவரை ஒருவர் நீங்கள் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் பிணியுற்றாருக்குச் செய்க என்றும் கூறினார். ஆசிரியர் இருப்பின் ஆசிரியர், மாணாக்கர் இருப்பின் மாணாக்கர், எவரும் இல்லையெனில் சங்கமே பேண வேண்டும் என்றும், பேணாது விடுதல் குற்றம் என்றும் விதியாயிற்று. முதலில் செயல், பின்னர் உரை. எம்மைப் போன்று பேசித் திரிவோர் இவ்வரிசையைக் கருத வேண்டும்.

இனி அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுதிக்குச் செல்வோம். அங்கே பிணியாளர்க்கு ஐந்தும் பேணுவோர்க்கு ஐந்துமாகக் குணங்கள் கூறப்பட்டுள்ளன. பேணுவோன் மருந்து கூட்டத் தெரிந்தவனாதல் வேண்டும். ஒத்ததைக் கொடுத்து ஒவ்வாததை விலக்க வேண்டும். பொருளாசையால் அன்றி அன்புள்ளத்தால் பேண வேண்டும். மலம், சலம், வாந்தி, சளி இவற்றை அகற்ற அருவருக்கலாகாது. அவ்வப்போது அறமொழியால் பிணியாளனை மகிழ்விக்க வேண்டும். இவை நாம் எதிர்பார்ப்பவையே. பிணியாளனுக்கும் கடமை உண்டு என்று வகுத்ததுதான் நாம் எதிர்பாராதது. ஒத்ததைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளுதல், நோவைப் பொறுத்தல் ஆகியவற்றோடு, தன் நலம் விழைந்து பேணுவோனிடம் நோயின் நிலையை உள்ளவாறு உரைத்தலும் அவன் கடமையாம். கூடுகின்றதெனில் கூடுகின்றது, குறைகின்றதெனில் குறைகின்றது, நின்ற நிலையில் நிற்கின்றதெனில் அவ்வாறே கூற வேண்டும். இதன் அருமையை யாம் ஏட்டில் அறிந்தோமல்லோம். மேற்கூறிய உபாசகரின் அறையில் அறிந்தோம்.

அவரும் யாமும் பெங்களூரில் ஒரே ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்தவர்கள். எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி இருந்தார். வேறு சாதியினர். நம்மவர் குடத்து நீரை அருந்தாதவர். வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகத்தின் பக்கம் நின்று வெளியாட்களை உள்ளே அழைத்துச் சென்றவர். அன்று முதல் நம் உபாசகர் அவரோடு பேசியதில்லை. ஆலை மூடப்பட்டபின் ஒருவர் சாரம் ஏறிச் சுண்ணாம்பு அடித்தார். மற்றவர் இரவுக் காவலுக்குப் போனார். விழுந்தவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள் ஓசூரில் வாழ்க்கைப்பட்டவள். தந்தையைப் பேண ஆள் தேடியபோது, காவல் வேலையும் போய் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த மேஸ்திரி, மாதக் கூலி பேசிக்கொண்டு வந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அவருக்கும் வேறு வேலை கிடைக்கவில்லை. அவ்வளவே.

யாம் அவ்வீட்டிற்குள் நுழைந்தது வைசாகப் பௌர்ணமி நன்கொடைச் சீட்டுடன் என்பதை மறைப்பதற்கில்லை. கதவைத் திறந்தபோது, நம்மவர் குடத்து நீரை அருந்தாத அந்த மேஸ்திரி, நம்மவரின் உடலைக் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்தோம்.

பின்னர் அடிக்கடி சென்றதில் அவர்கள் கதையை அறிந்தோம். முதல் சில திங்கள் இருவரும் பேசியதில்லை. உணவு, மருந்து, சிறுநீர்க் குழாய், அவ்வளவே. தண்டுவடம் அறுந்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும். தவறினால் எலும்பு அழுந்தும் இடத்தில் படுக்கைப்புண் வரும். உணர்வில்லாமையால் நோவு தெரியாது. ஆனால் நாற்றம் தெரியும், காய்ச்சல் தெரியும். நம் உபாசகருக்கு இரண்டும் தெரிந்திருந்தும், அந்த மனிதரிடம் வாய் திறந்து கேட்பதற்கு நாணி வாளாவிருந்தார். ஒருநாள் துணியை விலக்கிப் பார்த்த மேஸ்திரி வெகுண்டார்.

“அங்கே ஓர் இழை அறுந்தால் ஊரைக் கூட்டிக் கத்துவாயே அப்பா! இங்கே உடம்பு அறுகிறது, வாயை மூடிக்கொண்டு கிடக்கிறாயே!”

“இழை அறுந்தால் உமக்குக் கேடு, மேஸ்திரி. அதனால் கத்தினேன். இது எனக்கு மட்டும்தானே கேடு.”

மேஸ்திரி விடை கூறாமல் வெளியே சென்று திண்ணையில் அமர்ந்திருந்தாராம். திரும்பி வந்து புண்ணைக் கழுவி மருந்திட்டபின், இனி நாள்தோறும் காலையில் தாம் கேட்பதற்கு மெய் சொல்ல வேண்டும் என்றாராம். அன்று தொட்டு, “இன்று அறுப்பு எத்தனை?” என்பது அவ்வீட்டில் காலை வணக்கமாயிற்று. காய்ச்சல் ஒன்று, குழாய் அடைப்பு ஒன்று, மகளை எண்ணி அழுதது ஒன்று என்று இவர் கணக்குச் சொல்வார். சில நாட்களில் இவரும் திருப்பிக் கேட்கத் தொடங்கினார். மேஸ்திரிக்கும் அறுப்புகள் இருந்தன. அவர் மகன் வீட்டைவிட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஆலைப் பதிவேட்டில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தமையால் அவருக்கு ஓய்வூதியமும் வராதிருந்தது. படுத்தவாறே நம் உபாசகர் மனுமேல் மனுவாக எழுதினார். பதினான்கு திங்களில் ஓய்வூதியம் வந்தது.

இதைக் கூட்டத்தில் யாம் ஒருமுறை சொன்னபோது, பார்த்தீர்களா, அவரும் பயன்படுகிறார் என்று அன்பர் ஒருவர் மகிழ்ந்தார். வேண்டா, அன்பரே. அது அந்தப் பழைய கணக்கே. மனு எழுதக் கையும் ஓடாமற் போயிருந்தால் என் செய்வது? பகவன் அப்பிக்குவிடம் பயனைத் தேடித் தூக்கவில்லை.

மேஸ்திரி இன்றும் கூலி வாங்குகின்றார். பொருளாசையால் பேணலாகாது என்னும் விதிக்கு இது முரணன்றோ என்று சிலர் ஐயுறலாம். முரணன்று என்பதே எம் கருத்து. உழைப்புக்குரியதைப் பெறுதல் வேறு, உரியதற்காக மட்டும் உழைத்தல் வேறு. அந்த மகாவக்கத்திலேயே, பிணியால் இறந்த பிக்குவின் பாத்திரமும் சீவரங்களும் சங்கத்திற்கு உரியவையாயினும், பேணியவர்கள் பேருதவி புரிந்தவர்கள் ஆகலின் அவற்றைச் சங்கம் அவர்களுக்கு அளிக்கலாம் என்றும், பேணியவர்களுள் சாமணேரர் இருப்பின் அவருக்கும் சமபங்கு உண்டு என்றும் விதி உள்ளது. பணிவிடையைப் புண்ணியம் என்று புகழ்ந்து, கூலியை அறுத்துவிடும் வழக்கத்தை நம்மவர் நன்கு அறிவர். அத்தகைய புண்ணியத்தைத்தான் நம் முன்னோர் நெடுங்காலம் சுமந்தனர்.

மேஸ்திரியைத் தம்மத்திற்கு அழைக்க யாம் முயன்றதுண்டு. நம் உபாசகர் தடுத்தார். “அண்ணா, அவர் என்னைத் தூக்கட்டும். நீங்கள் அவரைத் தூக்க வேண்டாம்” என்றார். அதோடு விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் இங்கே உரைத்தாக வேண்டும். அவர் விழுந்த புதிதில் உறவினர் சிலர் வந்து, முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் வந்தது என்று கூறிச் சென்றனர். அவர்களில் இருவர் பஞ்சசீலம் ஏற்றவர்கள்! சேரியிற் பிறந்ததும் முன்வினை, செருப்புத் தைத்ததும் முன்வினை என்று நமக்குச் சொல்லப்பட்டதை உதறித்தானே இங்கு வந்தோம்? சங்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்னும் பரிவிராசகன் இதையே பகவனிடம் கேட்கின்றான். பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், ஒவ்வாத நடை, திடீர்த் தாக்கு, வினைப்பயன் என எட்டுக் காரணங்களால் நோவு உண்டாகும். எல்லாம் முன்வினையே என்போர் தாமறிந்ததையும் உலகறிந்ததையும் மீறிச் செல்கின்றனர் என்பது பகவன் தந்த விடையின் சாரம். சாரத்தின் கயிறு அறுந்தது. அது பழங்கயிறு. கட்டுவித்தவர் மாற்றவில்லை. காரணத்தைத் தேடுவோர் அங்கே தேடுக.

நம் பாபாசாகேப் அம்பேத்கரின் இறுதி ஆண்டுகளையும் இத்தொடர்பில் நினைவுகூர்தல் தகும். நீரிழிவும் நரம்பு நோயும் அவர் கால்களைத் தளர்த்தின. பார்வையும் மங்கிற்று. துணையின்றி நடத்தல் அரிதாயிற்று. அந்நாட்களில் அவர் அருகிருந்தவர்களுள் ஒருவர் நானக் சந்த் ரட்டு. பஞ்சாபியர், அவரினும் முப்பது ஆண்டுகள் இளையவர், அரசு அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு, அது முடிந்தபின் வந்து அவருடைய கையெழுத்துப் படிகளைத் தட்டச்சுச் செய்தவர். மொழி வேறு, நாடு வேறு, கல்வியோ மலைக்கும் மடுவுக்கும். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரி மேடையில், ஒரு கையில் கோலும் மறுகை ரட்டுவின் தோளிலுமாகப் பாபாசாகேப் நின்றதை அவர் வரலாற்றில் படிக்கின்றோம். நம் மறுமலர்ச்சியின் மாபெரும் நாளில் நமக்கு வழிகாட்டியவர் பிறர் தோளைப் பற்றித்தான் நின்றார். அதை அவர் மறைக்கவும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இரவு அவர் கால்களைப் பிடித்துவிட்டு, ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரைத் தாள்களைப் படுக்கையருகே எடுத்துவைத்துச் சென்றவரும் ரட்டுவே. மறுநாள் பாபாசாகேப் இல்லை. 1957-இல் அந்நூல் வெளிவந்தது. நாம் ஞாயிறுதோறும் ஓதும் அந்நூல் அந்த இரண்டு கைகளின் வழியாகவும் வந்தது.

மணிமேகலை படித்தோர் ஆபுத்திரனை அறிவர். ஊர் விலக்கிய அவன், மதுரையில் பிச்சையேற்றுக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். தள்ளப்பட்டவன் தள்ளப்பட்டவர்களோடு அமர்ந்து உண்டான் என்பதே எமக்கு அதில் பெரிதாகத் தோன்றுகின்றது. தருமம் செய்வோன் உயரத்திலும் பெறுவோன் தாழ்விலும் நிற்கும் காட்சி அங்கே இல்லை.

இவ்வளவும் எழுதிய யாம், நம் உபாசகர் ஆறாண்டுகளாய் ஏன் மன்றத்திற்கு வரவில்லை என்று சென்ற வாரந்தான் அவரிடமே கேட்டோம். “படி” என்று ஒரே சொல் சொன்னார். நம் மன்ற வாயிலில் நான்கு படிகள் உள்ளன. சக்கர நாற்காலியோடு நால்வர் தூக்கிச் செல்லலாமே என்றோம். மேஸ்திரி குறுக்கிட்டு, பிணத்தைத்தான் நால்வர் தூக்குவார்கள் என்றார். இருவரும் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

கொத்தனார் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தோம். ஒவ்வொரு படியும் 6 அங்குலம். மொத்தம் 24 அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்திற்கு 12 அங்குல நீளம் வேண்டும் என்பது சரிவுப் பாதைக்குரிய கணக்கு. அவ்வாறாயின் 24 அடி. முன்வாயிலில் அவ்வளவு இடமில்லை. ஆகையால் நூலக அறையை ஒட்டிய பக்கச் சுவரின் ஓரமாகக் கொண்டுபோய், நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டுவதென முடிவாயிற்று. கைப்பிடிக் கம்பியை மேஸ்திரி தாமே வந்து உயரம் பார்த்துச் சொல்வதாகக் கூறியுள்ளார். மணலும் ஜல்லியும் வந்திறங்கிவிட்டன. கொத்தனாருக்குக் கூலி உண்டு. சித்தாள் வேலைக்குத்தான் ஆள் குறைவு. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு இயன்றோர் வருக. மண்வெட்டி உடையோர் அதனையும் கொண்டு வருக.