வலிக்கு ஒரு வாசல்

புனே கேம்ப்பில் ஒரு தோசைக் கடை. கடைக்கார அம்மாவின் விரல் சூடான கல்லில் பட்டுவிட்டது. கை சட்டென்று விலகியது. அதற்குப் பிறகுதான், "அய்யோ!" என்றார்.

கை முந்திக்கொண்டது. வலி பிந்தி வந்தது. ஏன்?

நம் முதுகெலும்புக்குள் ஒரு நரம்புக் கயிறு இருக்கிறது. அதன் பெயர் தண்டுவடம். அது சுமார் ஒன்றரை அடி நீளம், சுண்டுவிரல் பருமன். கை, கால், உடம்பு எல்லாவற்றின் செய்தியும் இதன் வழியாகவே மூளைக்குப் போகிறது.

சூடு பட்ட செய்தி முதலில் தண்டுவடத்துக்கு வருகிறது. மூளையைக் கேட்காமலே அது, "கையை எடு" என்று கட்டளை இடுகிறது. செய்தி மூளைக்குப் போன பிறகே வலி தெரிகிறது.

முழங்காலில் இடித்துக்கொண்டால் தேய்த்துவிடுகிறோம். வலி குறைகிறது. இது எப்படி? தொடும் செய்தி வேகமாக ஓடும். வலிச் செய்தி மெதுவாக வரும். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். தேய்த்தால் அந்த வாசல் பாதி சாத்திக்கொள்கிறது. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-ல் இதைச் சொன்னார்கள்.

ஆனால் தீக்காயத்தைத் தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள்.

வலியே இல்லாவிட்டால் நல்லதுதானே? இல்லை. புனேயில் உள்ள கட்கியில், தண்டுவடம் அடிபட்ட படைவீரர்களுக்கு மறுவாழ்வு மையம் ஒன்று 1974 முதல் இருக்கிறது. தண்டுவடம் அடியோடு பழுதானால், அதற்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வெகுநேரம் ஒரே பக்கம் உட்கார்ந்தால் நமக்கு வலிக்கும். உடனே அசைந்து உட்காருவோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. தோல் புண்ணாகிவிடும். அதனால் நேரம் பார்த்து உடம்பைத் திருப்ப வேண்டும். தினமும் தோலைப் பார்க்க வேண்டும். வலி நமக்குக் காவல்காரன்.

சாலையில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து கிடக்கிறார். பதறிப்போய் அவரை மடக்கித் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். கழுத்தும் முதுகும் அசையக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். நல்ல மனதோடு தூக்கியதால் தண்டுவடம் மேலும் கெட்டுவிடலாம்.

பேசிப் பாருங்கள்

1. சூடு பட்டதும் கையை எடுக்கச் சொல்வது எது?
2. தேய்த்தால் வலி ஏன் குறைகிறது?
3. விழுந்து கிடப்பவரை ஏன் மடக்கித் தூக்கக் கூடாது?