இடிமழைக் காலத்தில் வெளி வன்தட்டு

ஒக்டோபரும் நவம்பரும் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையிலுள்ள நாலந்தாவுக்கு இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடி. வானம் கறுக்கத் தொடங்கும்போதே கணினியையும் வெளி வன்தட்டையும் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. தொலைபேசிக் கம்பியாலும் மின்னல் உள்ளே வரும் என்பதால் ரவுட்டரையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிவிட்டால் எதையும் தொடாதீர்கள். தட்டைவிட உயிர் பெரிது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது மின்கசிவிலிருந்து ஆட்களைக் காப்பது, மின்னல் பாய்ச்சலை மறிக்காது.

அப்படியும் வன்தட்டு அடிபட்டுவிட்டால், திரும்பத் திரும்பக் கொளுவிப் பார்க்காதீர்கள். இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். இறந்துபோன அம்மாவின் படங்களும் பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளும் உள்ளேயிருக்கும் காந்தத் தட்டில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் கருகுவது அடியிலுள்ள மின்சுற்றுப் பலகைதான்.

தனி அடப்டரில் ஓடும் 3.5 அங்குலத் தட்டுகளுக்கு 12 வோல்ட் தேவை. அவற்றின் பலகையில் பெரும்பாலும் இரண்டு காவல் டயோடுகள் இருக்கும்: ஒன்று 12 வோல்ட்டுக்கு, மற்றது 5 வோல்ட்டுக்கு. மின்னழுத்தம் எகிறினால் அவை தாமே ஷோர்ட் ஆகி மற்றப் பாகங்களைக் காக்கும். தட்டு மூச்சுக் காட்டாது, அடப்டரின் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். 19 வோல்ட் மடிகணினி அடப்டரைத் தவறிக் கொளுவினாலும் இதே கதி. விவரமறிந்த திருத்துநர் மீற்றர் வைத்துப் பார்த்து, பழுதான டயோடைக் கழற்றினாலே பல தட்டுகள் சுழலத் தொடங்கும். உடனே எல்லாவற்றையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும். காவல் போன அந்தத் தட்டை மறுபடி பாவிக்கக் கூடாது.

அதே மொடல் பலகையை மாற்றினால் சரி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இக்காலத் தட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் பழைய பலகையின் சிறு சிப்பில் இருக்கின்றன; அதையும் புதிய பலகைக்கு மாற்ற வேண்டும். சில தட்டுகளில் தரவைப் பூட்டும் மறையாக்கமும் பலகையிலேயே உண்டு. ஆகவே கருகிய பலகையை வீசாதீர்கள்.

'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் வாசிக்கும் முனைகளோ அவற்றின் மின்சுற்றோ பழுதாகியிருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மூடியைத் திறக்க விடாதீர்கள். தூசியற்ற அறையில்தான் அதைத் திறக்கலாம். திருத்துவதற்கு மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ கொண்டுபோகும்போது அடப்டரையும், பிரதி எடுக்கப் போதிய இடமுள்ள இன்னொரு தட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.